கூப்பிட்டா வந்துருவா

ஜன்னல் பக்கம் சாஞ்சு தூங்குறது எங்க வீட்டம்மாதான் அண்ணாச்சி. நீங்க இப்படித் தாராளமா உக்காருங்க. திருநெல்வேலியா? நாங்க கோவில்பட்டியில எறங்கிருவோம். பகல் வண்டியில இது ஒரு சௌகரியம், பேச்சுத்துணைக்கு ஆள் கெடச்சிரும். அவ எந்திரிக்க மாட்டா, நீங்க சத்தமாவே பேசலாம்.

அவ மூக்கப் பாத்தீங்களா, தோலு உரிஞ்சு கெடக்கு. எனக்கும் உரிஞ்சிருக்கு, அவளுக்குத்தான் ஜாஸ்தி. அந்தமான் போயிட்டு வர்றோம். மக, மருமகனோட. அவங்க ரெண்டு பேரும் சென்னையிலருந்து பெங்களூருக்குப் போயிட்டாங்க. போகும்போது மக என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, அடுத்த தடவ நீங்க கொஞ்சம் கம்மியா உதவி பண்ணுங்கப்பா"ன்னா. உதவின்னு அவளே ஒத்துக்கிட்டா பாருங்க. அதுவரைக்கும் சந்தோசம்.

என் பேரு பூவநாதன். இவ செண்பகவல்லி. எங்க ஊரு சாமிக்கும் அம்மனுக்கும் இதே பேருதான். கல்யாணத்தப்பவே எல்லாரும் சொன்னாங்க, ஜாதகமே பாக்க வேண்டாம், பொருத்தம் பேருலயே இருக்குன்னு. என்ன, ஊருல அத அம்மன் கோயில்னுதான் சொல்லுவாங்க. உள்ள சாமின்னு ஒருத்தரு இருக்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. அது வேற விஷயம்.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். உங்களுக்குப் பாலிசி இருக்கா அண்ணாச்சி? இருக்கா, நல்லது. நாமினி யாருன்னு ஒருதடவ எடுத்துப் பாத்துக்கோங்க. சும்மா சொல்றேன். இவ பெண்கள் ஸ்கூல்ல பயாலஜி டீச்சர். கோவில்பட்டியில எந்தத் தெருவுல போனாலும் ஒரு பொம்பளப்பிள்ள "டீச்சர்"னு ஓடி வரும். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனா. வம்பே அங்கனதான் ஆரம்பிச்சுது.

ரிட்டயர்மெண்ட் விழாவுல சால்வையப் போட்டு, மைக்கக் கையில குடுத்து, ரெண்டு வார்த்த பேசுங்க டீச்சர்னாங்க. நான் முன் வரிசையில உக்காந்திருக்கேன். எல்லாரும் சொல்ற மாதிரி, ஒத்துழைச்ச அனைவருக்கும் நன்றின்னு சொல்லிட்டு எறங்கிருவான்னு நெனச்சேன். இவ சொல்றா, "பவளம் கல்லு இல்ல, உயிருன்னு இத்தன வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா நான் ஒரு தடவகூட அத உயிரோட பாத்ததில்ல. இனிமேதான் பாக்கணும்." எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? புருஷன் முன்னாடி உக்காந்திருக்கும்போது மைக்குல சொல்ற விஷயமா இது? வீட்ல சொல்லலாம்ல?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன். "ஏன் செண்பகம், இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கேங்க"ன்னா. அவ்வளவுதான், சால்வைய மடிச்சு பீரோவுல வைக்கப் போயிட்டா.

எப்பச் சொன்னா? எனக்கு ஞாபகமே இல்ல. மகதான் எடுத்துக் குடுக்குறா. "அப்பா, நான் ஆறாப்பு படிக்கும்போதே மண்டபம் போயி, அடியில கண்ணாடி வச்ச போட்டுல பவளம் பாக்கலாம்னு அம்மா கேட்டாங்க. சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகலன்னீங்க. அடுத்த லீவுல கேட்டாங்க, சிக்குன்குனியான்னீங்க. அதுக்கடுத்து புயல்னீங்க."

நடந்ததத்தான அண்ணாச்சி சொல்லியிருக்கேன்? சுனாமிய நானா வரவழச்சேன்?

எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு, எனக்கு எல்லாத்துக்கும் பயம்னு. பயம் வேற, முன்ஜாக்கிரத வேற. நான் பாக்குற தொழில் அப்படி. நீங்க கல்யாண வீட்டுக்குப் போறீங்க, காது குத்துக்குப் போறீங்க. நான் அதுக்கும் போவேன். ஆனா சாவு விழுந்த துட்டி வீட்டுக்குத்தான் அதிகமாப் போயிருக்கேன். மாலையோட போகல, க்ளெய்ம் ஃபாரத்தோட போயிருக்கேன். எங்க தெருவுல சுடலமுத்துன்னு ஒருத்தன், டெய்லர். என்னவிட ரெண்டு வயசு எளையவன். குடும்பத்தோட திருச்செந்தூர் போனான், கடல்ல குளிச்சான். அவன் பொண்டாட்டி கரையில நின்னு சிரிச்சுக்கிட்டே ஈரத் துணியப் பிழிஞ்சுக்கிட்டிருந்திருக்கா. அலைக்கு நடுவுல தலை தெரிஞ்சுது, அப்புறம் தெரியல. அந்தப் பொண்ணுகிட்ட எங்க எங்க கையெழுத்துப் போடணும்னு நான்தான் வெரலு வச்சுக் காட்டுனேன். கடலப் பாத்தா உங்களுக்கெல்லாம் அலை தெரியும் அண்ணாச்சி. எனக்கு அந்த வெரலுதான் தெரியும்.

சரி, அது கெடக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், மாப்பிள்ள.

மாப்பிள்ள கௌதம் தங்கமான பையன். கம்ப்யூட்டர் கம்பெனி. நாம எவ்வளவு நேரம் பேசுனாலும் "சரிங்க மாமா, சரிங்க மாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நடுவுல போன சார்ஜுல போட்டுட்டு வந்துகூட கேப்பாரு. அவருதான், "அத்தைக்கு இது எங்களோட கிஃப்ட் மாமா, நாலு பேரும் அந்தமான் போறோம், எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்"ன்னாரு. சின்னப் பையன், தனியா எவ்வளவுதான் பாப்பாரு? நானும் கொஞ்சம் கூட நின்னேன்.

அவரு போட்ட பிளான் ரொம்ப நல்ல பிளான். நான் கொற சொல்லல. ஒரு எடத்துல போட்டுல காட்டுக்குள்ள போகணும். தண்ணிக்குள்ளயே மரம் மொளச்சு, வேரு எல்லாம் வெளிய நிக்குமாம், அலையாத்திக் காடு. போட்டோ அனுப்பியிருந்தாரு. நான் பதில் போட்டேன்: மாப்ள, தண்ணிக்கு மேல மரம் இருக்கு சரி, தண்ணிக்குக் கீழ என்ன இருக்குன்னு விசாரிச்சீங்களா? விசாரிச்சா, முதல! நம்ம ஊரு கொளத்து முதல இல்ல அண்ணாச்சி, கடல்லயே நீந்திப் போற முதல. அத எடுத்தாச்சு. அப்புறம் சேறு கொப்பளிக்கிற எரிமலைன்னு ஒண்ணு. எரிமலைக்கு எவனாவது பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுப் போவானா? அத எடுத்தாச்சு. எச்சியாலயே கூடு கட்டுற குருவி இருக்கிற குகைன்னாரு. குகைன்னா வௌவால் இருக்கும், வௌவால்னா வைரஸ் இருக்கும். அதையும் எடுத்தாச்சு. தென்ன மரத்துல ஏறித் தேங்காயையே ஒடச்சுத் தின்னுற நண்டு ஒண்ணு இருக்குன்னாரு. தேங்காய ஒடைக்கிற நண்டுக்கு நம்ம காலு வெரலு எம்மாத்திரம்?

கடைசியில பிளான்ல ஏரோப்ளேனும் ஓட்டலும்தான் மிஞ்சுச்சு.

அப்ப நான் ஒரு யோசன சொன்னேன். அவளுக்கு என்ன, கடல் பிராணிய உயிரோட பாக்கணும். அவ்வளவுதான? சென்னையில கண்ணாடித் தொட்டியில விதவிதமா விட்டு வச்சிருக்காங்க, நாமளும் நனைய வேண்டாம், அதுகளுக்கும் தொந்தரவு இல்ல. அங்க போயிட்டு, வண்டலூரையும் ஒரு சுத்து சுத்திட்டு, ராத்திரி வண்டியில திரும்பிரலாம்னேன். மாப்பிள்ளகிட்ட போன்லதான் சொன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு "அலோ, அலோ"ங்கிறேன். "இருக்கேன் மாமா"ன்னாரு.

இவகிட்டயும் சொன்னேன். இவ தோச ஊத்திக்கிட்டிருந்தா. "சரிங்க"ன்னா. எதச் சொன்னாலும் சரிங்கதான். முதல இருக்கும்னேன், சரிங்க. சொறிமீன் கொட்டும்னேன், சரிங்க. பூகம்ப மண்டலம்னேன், சரிங்க. அவ்வளவு சரி சொன்னவ, மக டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னப்பவும் அதே மாதிரித்தான், "சரி"ன்னா. நான் என்ன செய்ய முடியும்? நாலு பேருக்கும் டிராவல் பாலிசி எடுத்தேன். என் கடமைய நான் செஞ்சுட்டேன்.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. அத எப்படிச் சொல்ல? சொல்றேன், இருங்க.

கார்த்திகையில நல்ல மழ. எங்க பக்கத்துக் கெணறெல்லாம் நெறஞ்சு கெடக்கு. மார்கழி பொறந்ததும் இவ விடிஞ்சும் விடியாமயும் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவா. வரும்போது தல ஈரமா இருக்கும். கண்ணு செவந்திருக்கும். நான் ஒண்ணும் கேக்கல. மார்கழி மாசம், தலைக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வர்றா, நல்ல விஷயம்தானன்னு இருந்துட்டேன். ஒருநாள் மட்டும், "பிரசாதம் எங்க?"ன்னேன். "இன்னைக்கு யாரும் குடுக்கலங்க"ன்னா. பொய் கெடையாது பாருங்க. யாரும் குடுக்கலதான.

அப்புறம் பசி. வந்த ஒடனே தட்டத் தூக்கிட்டு உக்காந்துருவா. நான் ரெண்டு இட்லியோட எந்திரிச்சுருவேன், இவ இன்னும் மாவு இருக்கான்னு பாப்பா. விரதம் இருந்தா இப்படியா பசிக்கும்? ஆனாலும் எனக்கு ஒரு பெருமதான். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட, ஜவுளிக்கடைக்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்க வீட்டம்மா ரிட்டயர் ஆனதும் பக்தியில எறங்கிட்டான்னு. எறங்குனது எதுலன்னு அப்புறம்தான தெரிஞ்சுது.

தை முடிய அந்தமான் போய்ச் சேந்தோம். ஏரோப்ளேன்ல நான் பயப்படவே இல்ல. மக சொல்லுவா, நான் முன் சீட்டப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்னு. அது ஆடாம இருக்கட்டும்னு பிடிச்சது. அங்கருந்து ஒரு போட்டு பிடிச்சு இன்னொரு தீவு. அதுக்குப் பேர மாத்திட்டாங்களாம், எல்லாரும் பழைய பேரத்தான் சொல்றாங்க. சின்னத் தீவு. ஒரு பக்கம் நின்னு கூப்பிட்டா அந்தப் பக்கம் கேக்கும்போல இருக்கு. தமிழ் ஆளுங்க நெறைய. ரோட்டுக்கடையில நம்ம ஊரு பரோட்டா. போயி எறங்குன கடற்கரையில மொதல்ல கண்ணுல பட்டது என்னங்கிறீங்க? போர்டு! முதல இருக்கு, எச்சரிக்கைன்னு படம் போட்டு நட்டு வச்சிருக்கான். "பாத்தீங்களா மாப்ள"ன்னேன். எனக்கு அன்னைக்கு இருந்த திருப்தி! அந்த போர்டுக்குப் பக்கத்துல நின்னு நான் மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அப்புறம் விசாரிச்சா, அது அந்த ஓரத்துல ஓடை வந்து கடல்ல சேர்ற எடத்துக்கு மட்டும்தானாம். குளிக்கிற எடம் வேறயாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், எடம் நல்ல எடம். மானு நம்ம பக்கத்துலயே வந்து நிக்கிது. காலையில மரத்துல பச்சக்கிளி கூட்டம் கூட்டமாச் சத்தம் போடுது. இவ நிமுந்து நிமுந்து பாத்துக்கிட்டே நடக்கா. எனக்குக் கழுத்து வலிச்சுச்சு, பாக்கிறது அவதான், வலி எனக்கு.

மறுநா காலையில கடற்கரைக்குப் போனோம். கரையிலருந்து கொஞ்ச தூரம் நீந்துனா பவளப்பாறையாம். ஒரு கைடு. ரப்பர் ட்யூப் வச்சிருக்காரு, அதப் பிடிச்சுக்கிட்டா அவரே இழுத்துட்டுப் போயிக் காட்டிருவாரு. மக சொன்னா, "அப்பா, நீங்க மரத்தடியில உக்காருங்க, நாங்க பாத்துட்டு வந்துர்றோம்." நான் நெனச்சேன், இவ முட்டித் தண்ணியில நின்னு, சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆகா ஓகோன்னுட்டு வந்துருவான்னு.

ரூமுக்குப் போயித் துணி மாத்திட்டு வந்து நிக்கா பாருங்க. சுடிதார்! சேலையத் தவிர வேற எதுலயும் நான் அவளப் பாத்தது கெடையாது. முடிய இறுக்கக் கொண்ட போட்டிருக்கா. கைடு குடுத்த லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டா. கண்ணாடிய மூஞ்சியில மாட்டுனா. கைடு ட்யூப நீட்டுனாரு. "வேண்டாம் தம்பி, எனக்கு நீச்சல் தெரியும்"ங்கிறா.

நீச்சல் தெரியும்!

எனக்கு ஒண்ணும் புரியல அண்ணாச்சி. யாரோ பக்கத்துல இருக்கவங்க சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள இடுப்புத் தண்ணிக்குப் போயிட்டா. அப்படியே முன்னால சாஞ்சா. கையி மாத்திக் கையி போடுறா, கால ஒதைக்கிறா, போயிக்கிட்டே இருக்கா. தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி. அவ நெழலு கீழ மணல்ல போகுது. தல தெரியுது. ஒரு அலை வந்துச்சு. தல தெரியல.

நான் எப்பக் கத்துனேன்னு எனக்கே தெரியாது. "செண்பகம்! ஏ செண்பகம்! வா இங்க! திரும்பி வா!" கடற்கரையில இருந்த அம்புட்டு பேரும் திரும்பிப் பாத்தாங்களாம். நான் ஷூவக்கூடக் கழட்டல. இடுப்பு வரைக்கும் தண்ணிக்குள்ள நிக்கேன், பாக்கெட்டுல போன் இருக்கு. மக சொன்னா, நான் பதறிப்போயி எறங்கிட்டேன்னு. அப்படி இல்ல. அங்கருந்து கூப்பிட்டா சத்தம் நல்லாக் கேக்கும்னு எறங்குனேன்.

அவ நின்னுட்டா. அந்த ஆழத்துல, மெதந்துக்கிட்டு, திரும்பிப் பாத்தா. கைடு கைய நீட்டி நீட்டி என்னமோ சொல்றாரு, இந்தா வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்னு. அவ என்னையப் பாத்தா, அவரப் பாத்தா. அப்படியே திரும்பி நீந்தி வந்துட்டா.

கூப்பிட்டேன், வந்துட்டா. அந்த விஷயத்துல அவள ஒரு கொற சொல்ல முடியாது அண்ணாச்சி.

வந்து கண்ணாடியக் கழட்டி கைடுகிட்ட குடுத்துட்டு, "போதும் தம்பி, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்"ன்னா. என்னையப் பாத்து, "ஷூ நனஞ்சு போச்சே"ன்னா. மகதான் குதிக்கிறா. "அப்பா, இன்னும் கொஞ்சம் போயிருந்தா பாத்திருப்பாங்கப்பா! அத்தன வருஷம் காத்திருந்துட்டு, அங்கன போயிட்டு, பாக்காம வந்துட்டாங்கப்பா!" மாப்பிள்ள எல்லாருக்கும் இளநி வாங்கிட்டு வர்றேன்னு போனவரு, திரும்பி வரவே இல்ல. இளநி அங்கனயேதான் வித்துக்கிட்டிருந்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனோம். இவ மட்டும், "மீன் கொழம்புக்குக் கடுகெண்ண ஊத்தியிருக்காங்க, பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு"ன்னு சாப்பிட்டா. நான் கோவமா இருக்கேன். கோவம் வராதா? கட்டுன புருஷனுக்குத் தெரியாம ஒரு பொம்பள நீச்சல் கத்துக்கிட்டிருக்கா!

சாயங்காலம் கரையில ஒரு பெரிய மரத்து வேருல அவ தனியா உக்காந்திருந்தா. நான் போனேன். தள்ளித்தான் உக்காந்தேன். "எங்க கத்துக்கிட்ட?"ன்னேன்.

"தம்பி தோட்டத்துக் கெணத்துல."

அவ தம்பிக்கு பைபாஸ் தாண்டி ஒரு தோட்டம் இருக்கு. தம்பி பொண்டாட்டி நாச்சியாருதான் சொல்லிக் குடுத்திருக்கா. முதுகுல காலி எண்ணெய்க் கேனக் கட்டி எறக்கி விட்டிருக்கா. மார்கழிப் பனியில, அந்தக் கெணத்துத் தண்ணியில. ரிட்டயர் ஆன டீச்சர்! அப்ப கோயிலு? கோயிலே இல்ல. நான் ஊரு பூரா பக்தி பக்தின்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். அந்த நாச்சியாரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவ, எங்கிட்ட, "மதினி மொகத்துல இப்பல்லாம் ஒரு தெளிவு வந்திருக்குல்ல அண்ணே"ன்னு கேட்டா. "ஆமா தாயி, எல்லாம் அம்மன் அருளு"ன்னு சொல்லியிருக்கேன் நான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னேன்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

நான் யோசிச்சேன். பொய் சொல்லக்கூடாதுல்ல. "கெணத்துக்கு மூடி போட்டிருப்பேன்"னேன்.

அவ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. சொல்றா, "எனக்கு மட்டும் பயம் இல்லன்னா நெனச்சீங்க? மொத நாளு கெணத்துப் படியில உக்காந்து அழுதேன். எறங்க மாட்டேன்னு நாச்சியாரு கையப் பிடிச்சுக்கிட்டேன். அப்ப உங்களத்தான் நெனச்சேன். நீங்க மேல நிக்கிற மாதிரி, வேண்டாம் செண்பகம், ஏறி வான்னு கூப்பிடுற மாதிரி. கூப்பிட்டா நான் ஏறி வந்துருவேங்க. அது எனக்குத் தெரியும். அதான் உங்ககிட்டச் சொல்லல."

பாத்தீங்களா அண்ணாச்சி, எம்பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு வச்சிருக்கா! எங்க ஏஜெண்ட் ஆளுங்கள்ல எத்தன பேரு வீட்ல பொண்டாட்டி இப்படிச் சொல்லுவா? கூப்பிட்டா வந்துருவேன்னு? எனக்கு அப்பவே மனசு குளுந்துருச்சு. கோவமெல்லாம் போயிருச்சு. நான்கூட, "சரி, விடு"ன்னு பெருந்தன்மையாச் சொன்னேன்.

ஆனா என்னன்னே தெரியல, அதுக்கப்புறம் சாப்பாடு எறங்கல. கடுகெண்ண எனக்கு ஒத்துக்கல போல. சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த வார்த்ததான் வந்து வந்து நிக்கிது. கூப்பிட்டா வந்துருவேங்க. நல்ல வார்த்ததான? நல்ல வார்த்த எதுக்கு நெஞ்சுல வந்து உக்காரணும்?

மறுநா அந்தத் தீவுலருந்து கெளம்பணும். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. காலையில மக வந்து, "அம்மா, போட்டுக்கு இன்னும் நேரமிருக்கு. ஒரே ஒரு தடவ?"ன்னா. கேட்டது அம்மாகிட்ட, பாத்தது என்னைய. நான் செருப்புல ஒட்டியிருந்த மணலத் தட்டிக்கிட்டு இருந்தேன். ஷூ இன்னும் காயல.

இவ சுடிதாரப் போட்டுக்கிட்டு வந்தா. அதே கைடு. அதே எடம். மொத அலை வந்து காலத் தொட்டுச்சு. போகல. நின்னா. திரும்பி என்னையப் பாத்தா.

நான் மேட்டுல நிக்கேன். அவ ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னு பாக்குறா. வாயத் தொறந்து "செண்பகம்"னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், வந்துருவா. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சுடலமுத்து பொண்டாட்டி ஈரத் துணியோட நின்னதெல்லாம் கண்ணு முன்னால வருது. கூப்பிட்டுருவோம்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. தொண்ட கட்டிக்கிச்சு. அந்த ஏசி ரூமுல படுத்தது. கிழக்க பாத்த கடற்கரை வேற, வெயிலு நேரா கண்ணுல அடிக்கிது. மறைக்கலாம்னு கையத் தூக்குனேன்.

நான் வெயிலுக்குத்தான் தூக்குனேன். அவ அத, போயிட்டு வான்னு எடுத்துக்கிட்டா. தலைய ஆட்டிட்டுத் தண்ணிக்குள்ள போயிட்டா.

இனிமே என்ன செய்ய? தூக்குன கைய எறக்கவும் முடியல. அவ திரும்பிப் பாத்தா, ஏன் எறக்குனாருன்னு நெனப்பால்ல. அப்படியே நிக்கேன். மக பக்கத்துல வந்து நின்னு என் இன்னொரு கையப் பிடிச்சுக்கிட்டா. "கைய எறக்குங்கப்பா"ன்னா. "வெயிலு அடிக்கிது"ன்னேன்.

தலை தெரிஞ்சுச்சு. அப்புறம் தல உள்ள போயிருச்சு. மூச்சு விடுற குழாய் மட்டும் தண்ணிக்கு மேல நிக்கிது, ஆரஞ்சுக் கலருல. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணு கொட்டல. அது கொஞ்சம் எடது பக்கம் போவும், வலது பக்கம் போவும், ஒரே எடத்துல நிக்கும். ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. ஏன் நிக்கிதுன்னு மககிட்ட கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, பாத்துக்கிட்டிருக்காங்க"ன்னா மக. ஒரு கூட்டம் மீனு அவளச் சுத்தித் தண்ணிக்கு மேல துள்ளி விழுந்துச்சு. வெள்ளிக் காசு வீசுன மாதிரி. அவ அசையல.

அவ திரும்பி வந்து மணல்ல காலு வைக்கும்போதுதான் நான் மூச்சே விட்டேன்னு நெனைக்கிறேன். வந்தவ அப்படியே ஈரத்தோட மணல்ல உக்காந்துட்டா. மூச்சு வாங்குது. கண்ணாடி மாட்டுன தடம் மூஞ்சியில செவப்பா வட்டமா இருக்கு. நான் துண்டக் குடுத்தேன். வாங்கி மடியில வச்சுக்கிட்டா, தொடைக்கல.

"பாத்தியா?"

"பாத்தேங்க."

அப்புறம் சிரிக்கா. கண்ணுல தண்ணி நிக்கிது, சிரிக்கா. "என்னங்க, நான் போர்டுல பவளத்த ரோஸ் சாக்பீஸ்லதான் வரைவேன். பிள்ளைங்களும் அதப் பாத்து ரோஸ் கலரு அடிச்சுட்டு வருவாங்க. நானும் சரின்னு டிக் போட்டுக் குடுத்துருவேன். அத்தன பிள்ளைங்களுக்கும்! அது ரோஸே இல்லங்க."

"அப்ப வேற என்ன கலரு?"ன்னு கேட்டேன்.

யோசிச்சா. சொல்ல வாயத் தொறந்தா, மூடிட்டா. கடலத் திரும்பிப் பாத்தா. மறுபடி யோசிச்சா. இத்தன வருஷம் பாடம் நடத்துனவ, எதக் கேட்டாலும் பட்டுன்னு பதில் சொல்றவ, கையத் தூக்கி விரல இப்படி அசச்சுக் காட்டுறா, அது அசையுங்கிற மாதிரி. அதுவும் சரியா வரல போல, கைய எறக்கிட்டா. "சொல்லத் தெரியலங்க"ன்னா.

மேல ரோட்டுலருந்து மாப்பிள்ள கூப்பிடுறாரு, "மாமா, போட்டுக்கு நேரமாச்சு!"

"அடுத்த போட்டுல போவோம் மாப்ள"ன்னேன். சொல்லிட்டு, வேட்டி நனஞ்சாலும் நனையட்டும்னு அவ பக்கத்துல அந்த ஈர மணல்லயே உக்காந்துட்டேன். "நீ நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல"ன்னேன்.